ஈறும் உலோகமும் சேரும் இடம்: பல் இம்பிளாண்ட்டுக்குக் கிருமியெதிர்ப்புப் பூச்சு எதுவரை உதவும்?

பல் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் ஆறுதல், டைட்டானியத்தில் சொத்தை விழாது என்பது. அது உண்மைதான். ஆனால் அந்த உலோகத்தைத் தாங்கி நிற்கும் எலும்புக்கும் அதைச் சுற்றி மூடும் ஈறுக்கும் அந்த வரம் இல்லை. யான் டெர்க்ஸ், கிறிஸ்டியானோ டோமாசி இருவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, இம்பிளாண்ட் வைத்தவர்களில் சராசரியாக 43 சதவீதத்தினருக்கு அதைச் சுற்றிய ஈறில் அழற்சி இருந்தது. 22 சதவீதத்தினருக்கு அழற்சி எலும்பு வரை இறங்கியிருந்தது. முதலாவதற்கு மியூகோசைட்டிஸ் என்று பெயர். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது பெரி-இம்பிளாண்டைட்டிஸ். அதில் கரைந்துபோன எலும்பு தானாகத் திரும்பி வளராது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் எலும்பில் பதித்த இம்பிளாண்ட் திருகு ஆடத் தொடங்கி, பெருஞ்செலவில் வைத்த பல் கையோடு வந்துவிட்டதைப் பார்த்தவர்கள் பல் மருத்துவர்களில் அநேகர்.

இதற்கு விடையாகக் கடந்த கால் நூற்றாண்டாக ஆய்வகங்கள் முன்வைப்பது கிருமியெதிர்ப்புப் பூச்சு. உலோகத்தின் மேற்பரப்பே கிருமியைக் கொல்லட்டும், அல்லது ஒட்டவிடாமல் தடுக்கட்டும் என்பது யோசனை. வெள்ளி, செம்பு, துத்தநாகம், ஆன்டிபயாடிக், பெப்டைடு, கைட்டோசான், நைட்ரைடுப் படலம் என்று பூசிப் பார்க்காத பொருளே இல்லை என்னும் அளவுக்குக் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. ஆனால் பல் மருத்துவரின் நாற்காலி வரை வந்து சேர்ந்தவை மிகச் சில. இவ்வளவு உழைப்புக்கும் இவ்வளவு குறைந்த பலனுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதுதான் இந்தத் துறையில் கேட்கவேண்டிய கேள்வி. என் கணிப்பில் குறை பூச்சுகளின் வீரியத்தில் இல்லை. அவற்றை எந்த இடத்தில் பூசுகிறோம், எத்தனை நாள் வேலை செய்யச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது.

டைட்டானியம் வாய்க்குள் வந்த கதையே எலும்பின் கதைதான். ஸ்வீடனின் பெர்-இங்வர் பிரோனெமார்க் 1950களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தைக் கவனித்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றியிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு இம்பிளாண்ட் பொருத்தினார். 1982இல் டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் அதை ஏற்றுக்கொண்டது. காற்றுப் பட்ட உடனே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் உருவாகும் ஆக்சைடு படலம்தான் எலும்பு செல்களுக்கு அதைப் பழக்கமான பொருளாக்குகிறது. தொடக்கத்தில் வழவழப்பாகக் கடைந்த திருகுகளே இருந்தன. பிறகு மணல் வீசியும் அமிலத்தில் அரித்தும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். எலும்பு விரைவாகவும் இறுக்கமாகவும் பிடித்தது. இன்று விற்பனையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரோமீட்டர் வரை சொரசொரப்பு உள்ளவை.

அதே சொரசொரப்பு கிருமிக்கும் வசதி. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மார்க் குயிரினனும் சகாக்களும் 1990களில் இதை ஆராய்ந்து ஒரு வரம்பைக் காட்டினார்கள். சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால் அதற்குமேல் எவ்வளவு மெருகேற்றினாலும் கிருமி குறைவதில்லை. அதைத் தாண்டினால் படிவு கூடிக்கொண்டே போகிறது. ஆக, எலும்புக்குள் இருக்கும் பகுதிக்கு ஒரு மேற்பரப்பும் ஈறைத் துளைத்து வெளியே வரும் பகுதிக்கு வேறொரு மேற்பரப்பும் வேண்டும். முழுத் திருகுக்கும் ஒரே பூச்சு போடும் ஆய்வுகள் இந்த எளிய விஷயத்தைக் கவனிப்பதில்லை.

ஈறைத் துளைக்கும் அந்தக் கழுத்துப் பகுதியை உற்றுப் பார்க்க வேண்டும். இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் கொலாஜன் இழைகள் செங்குத்தாகப் போய்ப் பதிந்திருக்கும். கிருமி கீழே இறங்க அவை வேலி. இம்பிளாண்ட்டில் பதிய இடமில்லாததால் இழைகள் உலோகத்துக்கு இணையாக ஓடுகின்றன. பிடிப்பு இல்லை, வெறும் அணைப்பு மட்டுமே. பல்லைச் சுற்றியிருக்கும் தசைநாரும் அதன் இரத்த நாளங்களும் இங்கே கிடையாது. அதனால் அதே அளவு படிவு சேர்ந்தாலும் இம்பிளாண்ட்டைச் சுற்றிய அழற்சி அகலமாகப் பரவுகிறது, எலும்புக்கு அருகே போகிறது. ஸ்வீடனின் காத்தன்பர்க் குழு 2014இல் இரண்டு வகைத் திசுக்களையும் ஒப்பிட்டபோது பெரி-இம்பிளாண்டைட்டிஸ் புண், பல்லைச் சுற்றிய ஈறுநோய்ப் புண்ணைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தது.

கழுத்து எச்சிலில் நனைந்த சில நிமிடங்களிலேயே புரதங்கள் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கிருமி முதலில் தொடுவது டைட்டானியத்தை அல்ல, இந்தப் புரதப் படலத்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், கார்டோனி, ஓராலிஸ் முதலியவை சில மணி நேரத்தில் வந்து ஒட்டுகின்றன. அவற்றோடு ஆக்டினோமைசிஸ் சேர்கிறது. அவற்றின் மேல் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பாலம் போடுகிறது. நாள்கள் வாரங்களாகும்போது உள்ளே பிராணவாயு குறைந்த மூலைகளில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற தீங்கானவை இடம்பிடிக்கின்றன. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சமூகத்துக்கு பயோஃபில்ம் என்று பெயர். உள்ளே இருக்கும் கிருமி, தனியே மிதக்கும் அதே கிருமியைவிட ஆன்டிபயாடிக்கை ஆயிரம் மடங்கு வரைகூடத் தாங்கும். எனவே பூச்சு வேலை செய்ய வேண்டுமானால் முதல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டும்.

இந்த அவசரத்தை 1987இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆன்டனி கிரிஸ்டினா பந்தயம் என்று வருணித்தார். உடலின் செல்களும் கிருமிகளும் ஒரே மேற்பரப்பை நோக்கி ஓடுகின்றன, முதலில் பிடித்தவர் வெல்கிறார். பூச்சு ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பின்னணி இந்தக் கருத்துதான். இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு போன்றவற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும்: அறுவையின்போது உள்ளே போன கிருமியை முதல் சில நாள்களில் ஒழித்துவிட்டால் தோல் மூடிவிடும், போர் முடிந்தது. அதனால்தான் எலும்பு மருத்துவத்தில் பூச்சுகள் நோயாளியின் உடல் வரை வந்துவிட்டன. காலெலும்பு முறிவுக்கு ஜென்டமைசின் பூசிய ஆணி, புற்றுநோய்க் கட்டி அகற்றியபின் வைக்கும் பெரிய உறுப்புகளுக்கு வெள்ளிப் பூச்சு, ஜப்பானின் கனஸாவா பல்கலைக்கழகத்தில் உருவான அயோடின் ஏற்றிய டைட்டானியம் ஆகியவை இன்று பயன்பாட்டில் உள்ளவை. வாயில் தோல் மூடுவதே இல்லை. இம்பிளாண்ட் வாழ்நாள் முழுக்க ஈறைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. பந்தயம் தினமும் நடக்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பூச்சுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

மருந்தை வெளியே விடும் பூச்சுகளில் அதிகம் ஆராயப்பட்டது வெள்ளி. வெள்ளி அயனி கிருமியின் நொதிகளில் உள்ள கந்தகக் குழுக்களைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்குகிறது, செல் சவ்வையும் குலைக்கிறது. பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால் எதிர்ப்பு எளிதில் உருவாகாது என்று சொல்வார்கள். எளிதில்லை, ஆனால் நடக்காததும் இல்லை. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா பரவிய செய்தி 1975லேயே பதிவாகியிருக்கிறது. வாயைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய தடை வேதியியல். எச்சிலிலும் இரத்தத்திலும் உள்ள குளோரைடு வெள்ளியை வீழ்படிவாக்கிவிடும், புரதங்கள் அதைக் கட்டிப்போடும். தண்ணீரில் அற்புதமாகக் கொன்ற பூச்சு சீரத்தில் சோர்ந்துவிடுவது இதனால்தான். சேர்க்கும் அளவைக் கூட்டினால் எலும்பு செல்லும் ஈறின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லும் பாதிக்கப்படும். கிருமிக்கு மட்டும் கேடு, நமக்கு இல்லை என்று சொல்லும்படியான இடைவெளி குறுகலானது. துத்தநாகம் அளவோடு இருந்தால் எலும்பு வளர்வதற்கும் உதவும், ஆனால் கொல்லும் சக்தி குறைவு. செம்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஆன்டிபயாடிக் பூச்சில் எனக்கு உடன்பாடில்லை. டைட்டானியத்தை ஆனோடைஸ் செய்து உருவாக்கும் நானோ குழாய்களில் ஜென்டமைசினையோ வேன்கோமைசினையோ நிரப்பலாம், மக்கும் பாலிமரில் கலந்து பூசலாம். இவை எல்லாவற்றிலும் மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாள்களில் வெளியேறிவிடும். பிறகு வாரக்கணக்கில் கிருமியைக் கொல்லப் போதாத சிறிய அளவு கசிந்துகொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தியுள்ள கிருமிகளை வளர்த்தெடுக்க இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் எதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019இல் உலகெங்கும் 12.7 லட்சம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. எழுநூறு வகைக்கு மேல் கிருமிகள் வாழும் வாயில், உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு சிகிச்சைக்காக, அந்தக் கசிவை அனுமதிக்கக் கூடாது. கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் இந்தக் குற்றச்சாட்டுக்கு அவ்வளவு ஆளாகாது. ஆனால் அதுவும் தீர்ந்துபோகும், ஈறு செல்களுக்கும் ஆகாது.

எதையும் வெளியே விடாமல், தொட்ட கிருமியை மட்டும் கொல்லும் பூச்சுகள் இன்னொரு வகை. குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்களும் கைட்டோசானும் நேர்மின்னேற்றத்தால் கிருமியின் சவ்வைக் கிழிக்கின்றன. இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருபவை நம் உடலே தயாரிக்கும் பெப்டைடுகள். எல்எல்-37 என்னும் பெப்டைடு ஈறில் கிருமிகளைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. மார்பஸ் கோஸ்ட்மன் என்ற அரிய நோய் உள்ள குழந்தைகளிடம் அது இல்லாமையும், அவர்களுக்குக் கடுமையான ஈறுநோய் வருவதும் 2002இல் தொடர்புபடுத்திக் காட்டப்பட்டன. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எச்சில் புரதம் ஒன்றின் துண்டிலிருந்து ஜிஎல்13கே என்ற பெப்டைடை உருவாக்கி டைட்டானியத்தில் பிணைத்திருக்கிறார்கள். பெப்டைடுக்கு எதிரி, கிருமிகள் சுரக்கும் புரதம் அறுக்கும் நொதிகள். ஜிஞ்சிவாலிஸ் இதில் கைதேர்ந்தது. அமினோ அமிலங்களை இயற்கையில் இருப்பதற்குக் கண்ணாடி பிம்பமான வடிவில் கோத்தால் நொதியால் அறுக்க முடியாது. நல்ல தந்திரம் அது. ஆனால் தொட்டுக் கொல்லும் எல்லாப் பூச்சுக்கும் பொதுவான ஒரு சிக்கல் தீரவில்லை: எச்சில் புரதம் மேலே படிந்தால் தொடுவதற்கே வழியில்லை, கொன்ற கிருமியின் உடல் அங்கேயே கிடந்தால் அடுத்து வருவதற்கு அதுவே மேடை.

கொல்லாமல் ஒட்டவிடாமல் செய்யும் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற நீர் விரும்பும் பாலிமர்கள் புரதத்தையே அண்டவிடாது. கிருமியும் ஒட்டாது, ஈறு செல்லும் ஒட்டாது. கழுத்தில் ஈறு ஒட்டாவிட்டால் பிறகு காப்பது எது?

பூச்சியின் சிறகிலிருந்து வந்த யோசனை பலரைக் கவர்ந்தது. மெல்பர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலெனா இவனோவாவின் குழு 2012இல் சில்வண்டுச் சிறகின் நானோ தூண்கள் சூடோமோனாஸ் கிருமியை எந்த வேதிப்பொருளும் இல்லாமல் சில நிமிடங்களில் கிழித்துக் கொல்வதைக் காட்டியது. டைட்டானியத்தில் அதுபோன்ற முட்களை வளர்க்க முயற்சிகள் தொடர்ந்தன. ஆனால் சில்வண்டுச் சிறகு தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் கிருமிகளை அவ்வளவாகக் கொல்வதில்லை. வாயில் முதலில் வந்து ஒட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்த இனம்தான். தும்பிச் சிறகை ஒத்த கருஞ்சிலிக்கான் இரண்டு வகையையும் கொன்றதாக மறு ஆண்டே வந்த முடிவு நம்பிக்கை தருகிறது, எச்சில் படலத்துக்கு அடியில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதே கேள்வி.

இவ்வளவு கவர்ச்சி இல்லாத ஒரு வழி சத்தமில்லாமல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. டைட்டானியம் நைட்ரைடு, சிர்கோனியம் நைட்ரைடு ஆகிய கடினமான மெல்லிய படலங்கள் கிருமியைக் கொல்வதில்லை, ஆனால் குறைவாகவே ஒட்டவைக்கின்றன, கீறலையும் தாங்குகின்றன. திருகையும் மேலே வரும் பல்லையும் ஈறின் ஊடாக இணைக்கும் துண்டுக்கு அபட்மென்ட் என்று பெயர். பொன்னிறத்தில் மின்னும் டைட்டானியம் நைட்ரைடு அபட்மென்ட்டுகளைப் பல மருத்துவர்கள் ஈறின் வழியே உலோகச் சாம்பல் தெரியாமலிருப்பதற்காக ஏற்கெனவே வாங்குகிறார்கள். முழுக்கச் சிர்கோனியாவாலான அபட்மென்ட்டும் இப்படித்தான். இத்தாலியில் 10 பேரின் வாயில் இரண்டு பொருள்களின் வட்டுகளையும் வைத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், 24 மணி நேரத்துக்குப் பின் கிருமி மூடிய பரப்பு டைட்டானியத்தில் 19.3 சதவீதமும் சிர்கோனியாவில் 12.1 சதவீதமும் இருந்தது. சிறிய ஆய்வு. ஆனால் மனித வாயில் நடந்தது என்பதால் ஆய்வகத் தட்டில் செய்த பல சோதனைகளைவிட அதை மதிக்கிறேன்.

தட்டில் செய்யும் சோதனைகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 22196 என்னும் தரமுறை பிளாஸ்டிக் போன்ற பரப்புகளுக்காக வகுக்கப்பட்டது. ஈ.கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரண்டு கிருமிகளை ஒரு துளி நீர்த்த ஊடகத்தில் விட்டு, மேலே மெல்லிய தாளை மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எண்ணுவார்கள். எச்சில் இல்லை, புரதப் படலம் இல்லை, கூட்டாக வாழும் கிருமிச் சமூகம் இல்லை. அங்கே 99.9 சதவீதம் செத்தது என்ற முடிவு விளம்பரத்துக்குப் போகிறது. 10 லட்சம் கிருமிகளில் 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் ஆயிரம். அவை இரண்டு மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால் 20 மணி நேரத்தில் மறுபடியும் 10 லட்சம். பூச்சு அடுத்த நாளும் அதே வீரியத்தோடு இருந்தால்தான் அந்த மூன்று ஒன்பதுகளுக்கு மதிப்பு.

பூச்சு அடுத்த நாள் இருக்குமா என்பதே இன்னொரு கேள்வி. இம்பிளாண்ட் உள்ளே இறங்குவதைப் பாருங்கள். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகுக்கு அதைவிடச் சற்றுக் குறுகலாகவே துளை இடுகிறார்கள், அப்போதுதான் முதல் நாளே இறுகப் பிடிக்கும். உப்புநீர் பீய்ச்சியபடி துளையைக் குளிர்வித்து, பிறகு திருகை மெல்லத் திருகுகிறார்கள். முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை ஏறும்போது ஒவ்வொரு மரையின் விளிம்பும் எலும்பை நெரித்துக்கொண்டு நகர்கிறது. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டியானது, அங்கே உராய்வு இன்னும் அதிகம். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பூச்சு முழுசாக உள்ளே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. உரிந்த துகள்கள் எலும்புக்குள்ளேயே தங்கும். 1980களில் ஹைட்ராக்ஸிஅபடைட்டைப் பிளாஸ்மா முறையில் தெளித்த இம்பிளாண்ட்டுகள் பெரும் வரவேற்போடு வந்தன. எலும்பு நன்றாகவே ஒட்டியது. சில ஆண்டுகளில் பூச்சு உலோகத்திலிருந்து பிரிவதும் கரைவதும் தெரியவர, அவை செல்வாக்கிழந்தன. இன்றும் புதிய பூச்சு என்றதும் மூத்த மருத்துவர்கள் தயங்குவதற்கு அந்த அனுபவம் காரணம். நியாயமான தயக்கம்.

நோய் எப்போது தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் கால அளவில் உள்ள பொருத்தமின்மை இன்னும் தெளிவாகும். டெர்க்ஸின் குழு 2016இல் ஸ்வீடனில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு இம்பிளாண்ட்டோடு வாழ்ந்தவர்களைப் பரிசோதித்தது. 14.5 சதவீதத்தினருக்கு மிதமான அல்லது கடுமையான எலும்பிழப்பு இருந்தது. பழைய எக்ஸ்ரேக்களை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இழப்பு முதல் மூன்று ஆண்டுக்குள்ளேயே தொடங்கியிருந்தது. ஆக, பூச்சு காக்கவேண்டிய காலம் வாரங்கள் அல்ல, குறைந்தது மூன்று ஆண்டுகள். மருந்து கசியும் பூச்சு எதுவும் அவ்வளவு நாள் தாங்காது.

பூச்சால் எட்டவே முடியாத காரணங்களும் உண்டு. மேலே வரும் செயற்கைப் பல்லான கிரவுனை ஒட்டப் பயன்படுத்தும் சிமென்ட் ஈறுக்கு அடியில் வழிந்து தங்குவது அவற்றில் முக்கியமானது. 2009இல் தாமஸ் வில்சன் வெளியிட்ட ஆய்வில் நோய் அறிகுறி காட்டிய இம்பிளாண்ட்டுகளில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதை அகற்றியபின் அவற்றில் பெரும்பாலானவை ஆறிவிட்டன. அதே ஆண்டு ஸ்வீடனிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, நோய் கண்ட இம்பிளாண்ட்டுகளில் பல, பிரஷ் நுழைய முடியாதபடி பல் கட்டப்பட்டவை என்று காட்டியது. அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவர்கள் கூடி 2017இல் வகுத்த ஆவணம் உறுதியான காரணங்களாக மூன்றைச் சொல்கிறது: முன்பே ஈறுநோய் இருந்தமை, படிவைச் சுத்தம் செய்யாமை, தொடர் பரிசோதனைக்கு வராமை. சர்க்கரைநோய் பற்றிய சான்று அங்கே முடிவானதாக ஏற்கப்படவில்லை. இருந்தாலும், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் இருப்பதாகக் கணித்திருக்கும் நிலையில், காயம் ஆறத் தாமதிக்கும் இத்தனை பேரை வைத்து இங்கேதான் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும். ஸ்வீடன் நாட்டுக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திக்கொண்டு இருக்கக் கூடாது.

எங்கே முயற்சியைச் செலுத்தலாம் என்று கேட்டால் என் விடை அபட்மென்ட். அது எலும்புக்குள் திருகப்படுவதில்லை, ஆகவே பூச்சு உரியும் ஆபத்து குறைவு. ஈறோடு சேரும் இடம் பெரும்பாலும் அதுதான். பூச்சு தேய்ந்தாலோ ஒவ்வாமை வந்தாலோ கழற்றி மாற்றலாம்; எலும்போடு ஒன்றிய திருகை அப்படிக் கழற்ற முடியாது. அங்கே வேண்டியது கொல்லும் பூச்சைவிட, ஈறின் செல்கள் இறுகப் பற்றக்கூடிய, 0.2 மைக்ரோமீட்டர் அளவில் மெருகேறிய, ஸ்கேலிங் கருவி பட்டாலும் கீறாத பரப்பு. அதன் மேல் பெப்டைடைப் பிணைக்க முடிந்தால் ஈறு மூடி ஆறும் முதல் சில வாரங்களுக்குக் கூடுதல் காவல் கிடைக்கும். அந்தக் காலம் முடிந்து பெப்டைடு போய்விட்டாலும் நல்ல பரப்பு மிஞ்சும்.

இதைச் சரிபார்க்க இன்னும் ஒரு தட்டுச் சோதனை தேவையில்லை. இரண்டு இம்பிளாண்ட் தேவைப்படும் நோயாளிகளைச் சேர்த்து, அவர்களின் சம்மதத்தோடு ஒரு பக்கம் பூச்சுள்ள அபட்மென்ட்டும் மறுபக்கம் பூச்சில்லாததும் வைக்க வேண்டும். எது எதுவென்று பரிசோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. சிமென்ட்டைத் தவிர்த்துத் திருகால் பொருத்திய கிரவுன்களாகவே இருக்க வேண்டும். சர்க்கரைநோய் உள்ளவர்களை விலக்காமல் தனிப் பிரிவாகச் சேர்க்க வேண்டும். கிருமி எண்ணிக்கையை அளவுகோலாக வைக்காமல், ஈறைத் தொட்டால் இரத்தம் வருகிறதா, எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற இரண்டை மட்டும் மூன்று ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவர வேண்டும். பல் மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவுகளில் இதற்கான நோயாளிகளும் இருக்கிறார்கள், கைதேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள்.